22 உதை, ஒரு கோல்கூட இல்லை: யுனைடெட்டின் தாக்குதலை எதை வைத்து எடைபோடுவது?

கிராணிவீட்டுப் பையன் | 18 ஆகஸ்ட் 2025, காலை 10.40

நேற்றிரவு 11.30 மணி ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் கண் எரிச்சலோடு பெரட்டில் (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில்) போய் நின்றவர்கள் இந்த இழையைக் கோபத்தோடுதான் திறப்பீர்கள். ஓல்டு டிராஃபோர்டில் மென்செஸ்டர் யுனைடெட் 0, ஆர்சனல் 1. இங்கிலாந்து பிரீமியர் லீக் பருவத்தின் முதல் ஆட்டமே தோல்வி. சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துப் பக்கம் நாங்கள் உட்கார்ந்திருந்த மாமாக் கடையில், கடைசி விசில் ஊதுவதற்கு முன்பே பாதி நாற்காலி காலி.

தோல்வியைத் திட்டுவதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே தாக்குதலை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். யுனைடெட் 22 முறை கோலை நோக்கி உதைத்தது, ஆர்சனல் 9 முறை. குறி தவறாமல் போனவை யுனைடெட்டுக்கு 7, ஆர்சனலுக்கு 3. பந்தும் பெரும்பகுதி நேரம் நம்மிடமே இருந்தது. ஆர்சனலின் ஒரே கோல் 13ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து, அதாவது திடல் மூலையிலிருந்து அடிக்கும் உதையிலிருந்து, வந்தது. ரைஸ் வளைத்து அடித்த பந்தை நம் கோல்கீப்பர் பாயின்டிர் சரியாகக் குத்தி வெளியேற்றவில்லை. கலஃபியோரி தலையால் தட்டிவிட்டார்.

கடந்த பருவத்தை நினைத்துப் பாருங்கள். 38 ஆட்டத்தில் 44 கோல், 42 புள்ளி, 15ஆவது இடம். நடுத் தாக்குதல் ஆட்டக்காரரான ஹோய்லண்டுக்கு லீக்கில் மொத்தமே 4 கோல். அந்த அணி ஆர்சனலை எதிர்த்து இத்தனை முறை உதைத்திருக்குமா? பிரென்ட்ஃபோர்டில் 20 கோல் அடித்த எம்புவேமோ, வுல்வ்ஸில் 15 கோல் அடித்த குன்யா இருவரும் வந்த பிறகு ஆட்டத்தின் நிறமே மாறியிருக்கிறது. தாக்குதல் தேறிவிட்டது, தோற்றது வேறு காரணத்தால் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

---

இரவுக்காவல் | 18 ஆகஸ்ட், பகல் 12.15

22 முறை உதைத்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றால் அதற்குப் பெயர் தேறிவிட்டதா? தாக்குதலுக்கு மட்டும் 20 கோடி பவுண்டுக்குச் சற்றே குறைவாக இந்தக் கோடையில் கொட்டியிருக்கிறார்கள். குன்யாவுக்கு ஆறேகால் கோடி, எம்புவேமோவுக்கு ஆறரைக் கோடிக்கு மேல், ஷெஷ்கோவுக்கும் அதே அளவு. ஆட்டம் முடிந்து பலகையைப் பார்த்தால் முட்டை.

எனக்கு இரவு வேலை. ஆட்டத்தை முழுக்கக் கைப்பேசியில்தான் பார்த்தேன். சின்னத் திரையில் பார்த்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான் தம்பி.

---

பீரங்கிப்படை | 18 ஆகஸ்ட், பிற்பகல் 1.05

ஆர்சனல்காரனை உள்ளே விடுவீர்களா என்று கேட்டுவிட்டு வரவில்லை, மன்னிக்கவும்.

கிராணிவீட்டுப் பையன் எண்களை ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் அவை எந்தச் சூழலில் பிறந்தவை என்பதை விட்டுவிட்டார். 13ஆவது நிமிடத்திலேயே எதிரணித் திடலில் முன்னிலை பெற்ற அணி மீதி நேரமெல்லாம் என்ன செய்யும்? பின்னால் இறங்கி நிற்கும். எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள் சாலிபாவும் கேப்ரியலும் பெனால்டி எல்லைக்குள் காலூன்றிக்கொண்டு, "வெளியிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் உதைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். பின்தங்கியிருக்கும் அணி அதிகம் உதைப்பது எல்லா லீக்கிலும் நடப்பது. 0-0 ஆக இருந்த 13 நிமிடத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் உங்கள் எண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா?

இன்னொன்று. "கோல் கார்னரிலிருந்து வந்தது" என்று ஏதோ வழியில் கிடந்த காசை எடுத்ததைப்போல எழுதியிருக்கிறீர்கள். நிக்கோலாஸ் ஜோவர் என்று ஒருவர் எங்கள் அணியில் நின்ற பந்துக்கென்றே (கார்னர், ஃப்ரீகிக் போன்றவை) பயிற்சியாளராக இருக்கிறார். யார் எங்கே ஓட வேண்டும், கோல்கீப்பரின் வழியில் யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் வாரம் முழுக்கப் பழகியது. அதுவும் தாக்குதல்தான். ஓடிக்கொண்டிருக்கும் பந்தில் அடித்தால்தான் தாக்குதல் என்று யார் சொன்னது?

நியாயமாகப் பார்த்தால், எங்கள் பக்கம் ஓடும் பந்தில் தாக்குதல் சுமார்தான். எங்கள் நடுத் தாக்குதல் ஆட்டக்காரர் யோக்கெரெஷ் முதல் ஆட்டத்தில் பந்தைத் தொட்டதே அரிது. ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். வெற்றி பெற்றதால் எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பேசவில்லை.

---

கிராணிவீட்டுப் பையன் | 18 ஆகஸ்ட், பிற்பகல் 2.30

பீரங்கிப்படை அண்ணே, நீங்கள் சொன்னதற்குத்தான் எக்ஸ்ஜி என்ற கணக்கு இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வோர் உதையும் எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்திலிருந்து, காலாலா தலையாலா என்றெல்லாம் பார்த்து, பழைய ஆயிரக்கணக்கான உதைகளோடு ஒப்பிட்டு, அது கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பு கொடுப்பார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.8. பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து அடிக்கும் சாதாரண உதைக்கு 0.03, 0.04 அளவுதான். அதாவது நூறு முறை அடித்தால் மூன்று நான்கு உள்ளே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் இந்த ஆட்டத்தில் இவ்வளவு கோல் வந்திருக்கலாம் என்று ஒரு எண் கிடைக்கும்.

அந்தக் கணக்கிலும் நேற்று யுனைடெட்தான் சற்று முன்னால்.

---

பீரங்கிப்படை | 18 ஆகஸ்ட், பிற்பகல் 2.50

சற்று என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் 22 உதையில் ஒன்றரைக்குப் பக்கத்தில் போனீர்கள். நாங்கள் ஒன்பதே உதையில் உங்களை ஒட்டி வந்துவிட்டோம். வகுத்துப் பாருங்கள்: உங்கள் ஓர் உதையின் சராசரி மதிப்பு பத்தில் ஒரு பங்குகூட வராது. தூரமோ, கோணமோ, முன்னால் நிற்கும் கால்களோ, ஏதோ ஒன்று சரியில்லாத உதைகள்தான் அதிகம் என்று பொருள். உங்கள் எண்ணே எனக்குச் சாட்சி சொல்கிறது.

---

பழைய வலதுவிங் | 18 ஆகஸ்ட், இரவு 9.20

தம்பிமார் இருவரும் நன்றாக வாதாடுகிறீர்கள். நான் தோட்ட அணியில் வலது விங்கில் ஓடிய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. இப்போது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்க்கிற விதம் வேறு.

உதையை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உதை என்பது கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பந்தை வாங்குகிறவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வாங்குகிறான். கடந்த பருவம் முழுவதும் யுனைடெட்டின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் தங்கள் கோலைப் பார்த்தபடியே பந்தை வாங்கி, வந்த வழியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே சலிப்பாக இருக்கும். நேற்று குன்யா வாங்கிய விதத்தைக் கவனித்தீர்களா? பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளைத் திருப்பி ஒருமுறை பின்னால் பார்க்கிறார். பந்து வந்ததும் பாதி உடம்பு ஏற்கெனவே எதிர்க் கோலின் பக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்த அடியில் ஓட்டம். தற்காப்பு ஆட்டக்காரன் முன்னேறி வந்து மறிக்க முடியாமல் பின்னால் நகர்கிறான். எம்புவேமோ வலது பக்கம் அதையே செய்தார். இது காசு கொடுத்து வாங்கிய சரக்கு, தரமான சரக்கு. இந்த ஒன்றில் கிராணிவீட்டுப் பையன் சொல்வது சரி, தாக்குதல் தேறியிருக்கிறது.

இரண்டாவது, பந்து பெனால்டி எல்லைக்குள் வரும்போது உள்ளே யார் இருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் 65 நிமிடம் நடுவில் ஆடியது மவுன்ட். அவர் நடுத் தாக்குதல் ஆட்டக்காரர் அல்லர். இறங்கி வந்து பந்தை வாங்கிக் கொடுப்பது அவர் பழக்கம். அதை ஒழுங்காகவே செய்தார். ஆனால் அவர் இறங்கிவந்த இடத்தை யாராவது மேலே போய் நிரப்ப வேண்டும். பக்கவாட்டிலிருந்து பந்து உள்ளே வரும்போது சாலிபாவும் கேப்ரியலும் மார்பில் உரசிக்கொள்ள ஆளில்லாமல் நின்றால், அவர்களுக்கு அது மாலை நடைப்பயிற்சி. கேப்ரியல் போன்றவரைத் தொந்தரவு செய்ய ஒரே வழி, அவர் பந்தைப் பார்க்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நகர்வது. இரண்டையும் ஒரே நேரத்தில் அவரால் பார்க்க முடியாது. அந்த நகர்வு போதவில்லை. ஷெஷ்கோ வந்த பிறகு கொஞ்சம் மாறியது, ஆனால் அவர் அணியோடு சேர்ந்தே சில நாள்தான் ஆகிறது. பந்து எங்கே வரும் என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் எங்கே ஓடுவார் என்று மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது, பந்தை முன்னால் அனுப்புகிறவன் எங்கே நிற்கிறான். புரூனோ ஃபெர்னாண்டஸ் இந்த அணியின் கண். பயிற்சியாளர் அமோரிமின் 3-4-2-1 அமைப்பில் (பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் இருவர், முனையில் ஒருவர்) அவரைக் கஸமிரோவுக்குப் பக்கத்தில், நடுத்திடலின் ஆழத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து நீளமாக அழகாக அனுப்புகிறார், மறுக்கவில்லை. ஆனால் எல்லையின் விளிம்பில் நின்று கடைசிப் பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவரை முப்பது மீட்டர் பின்னால் இழுத்தால், அந்தக் கடைசிப் பந்தை யார் கொடுப்பது?

டோர்கு அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அதைத்தான் கடையில் எல்லோரும் "அய்யோ" என்றார்கள். நானும் கத்தினேன். ஆனால் மதிப்பிடும்போது அதை ஓரமாக வைத்துவிடுவேன். கம்பம் அரை அங்குலம் தள்ளி இருந்தால் கோல் என்பது தாக்குதலின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எம்புவேமோ தலையால் அடித்து ராயா பாய்ந்து தடுத்தார் பாருங்கள், அது வேறு. அது உருவாக்கிய வாய்ப்பு: ஆள் சரியான இடத்தில் இருந்தார், பந்து சரியான இடத்துக்கு வந்தது, கோல்கீப்பர் நன்றாகத் தடுத்தார். அப்படி ஓர் ஆட்டத்தில் நான்கு வந்தால் போதும், மற்ற பதினெட்டு உதையும் எனக்கு வேண்டாம்.

பள்ளித் திடல் எங்கள் பக்கம் கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவுப் பக்கம் ஆடும்போது பிள்ளைகள் பாதித் திடலிலிருந்தே உதைப்பார்கள். பந்து எப்படியும் உருளும் என்ற தைரியம். வேலியோரம் நிற்கும் அப்பாமார்களும் கைதட்டுவார்கள். அதனால் ஒரு விதி போட்டிருக்கிறேன்: எல்லைக்குள் நம் ஆள் இருவர் நுழையாமல் அடித்த கோல் பயிற்சியில் செல்லாது. முதலில் அழுதார்கள். இப்போது ஒருவன் பக்கவாட்டில் பந்தோடு ஓடினால் மற்ற இருவர் தாமாகவே உள்ளே ஓடுகிறார்கள், ஒருவன் அருகுக் கம்பத்துக்கு, ஒருவன் தூரக் கம்பத்துக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வருவது ஓல்டு டிராஃபோர்டில் ஏன் வரவில்லை என்று கேட்டால், எதிரே நிற்பது கேப்ரியல் என்பீர்கள். அதுவும் சரிதான்.

---

இரவுக்காவல் | 18 ஆகஸ்ட், இரவு 10.05

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அமோரிமுக்கு அனுப்பிவிடலாமா என்று தோன்றியது.

ஆனால் ஒன்று. "தேறியிருக்கிறது" என்றும் சொல்கிறீர்கள், "ஆளில்லை" என்றும் சொல்கிறீர்கள். தீர்ப்பு என்ன?

---

பழைய வலதுவிங் | 18 ஆகஸ்ட், இரவு 10.20

கொண்டுபோகும் வரை நன்று, முடிக்கும் இடத்தில் வெறுமை. இரண்டையும் கூட்டிப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட நான் பள்ளித் தேர்வு நடத்தவில்லை.

---

செம்பருத்தி | 19 ஆகஸ்ட், காலை 7.10

லிவர்பூல் வீட்டிலிருந்து ஒரு எட்டு பார்க்க வந்தேன். எங்கள் முதல் ஆட்டம் நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு. போர்ன்மத்தை 4-2 என்று வென்றோம். நான்கு கோல் அடித்ததால் "தாக்குதல் பிரமாதம்" என்று ஊரே பேசுகிறது. உண்மையில் எகிட்டிக்கேயும் காக்போவும் அடித்து 2-0 ஆன பிறகு, போர்ன்மத்தின் செமென்யோ இரண்டு அடித்துச் சமமாக்கிவிட்டார். 88ஆவது நிமிடத்தில் கியேசா காப்பாற்றவில்லை என்றால் நானும் உங்களைப்போல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். கோல் எண்ணிக்கையை வைத்து எங்களைப் புகழ்வதும் உங்களை இகழ்வதும் ஒரே தவறுதான்.

முதல் ஆட்டத்தை வைத்து யுனைடெட்டைக் கணித்தவர்கள் எத்தனை முறை ஏமாந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2021இல் லீட்ஸை 5-1 என்று அடித்தீர்கள். புரூனோ மூன்று கோல், போக்பா நான்கு கோலுக்கு வழி கொடுத்தார். பட்டம் உறுதி என்று என் அண்ணன் வீட்டில் பாயசம் வைக்காத குறை. நவம்பரில் பயிற்சியாளர் சோல்ஷயர் வீட்டுக்குப் போனார். பருவ முடிவில் 57 அடித்து 57 வாங்கி ஆறாவது இடம். கடந்த ஆண்டு முதல் ஆட்டத்தில் ஃபுல்ஹாமை வென்றீர்கள், 87ஆவது நிமிடத்தில் ஸிர்க்ஸீ அடித்தார். முடிந்தது 15ஆவது இடத்தில். அதற்கு எதிர்ப்பக்கம் 1992: முதல் ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 1-2 தோல்வி, பிரையன் டீன் பிரீமியர் லீக்கின் முதல் கோலையே உங்களுக்கு எதிராகத்தான் அடித்தார். அந்தப் பருவம் பட்டம் உங்களுக்கு. 1995இல் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3, சிறுபிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் விமர்சகர் ஆலன் ஹான்சன் சொன்னார். அந்தப் பருவம் லீக், எஃப்ஏ கிண்ணம் என்று இரட்டைப் பட்டம்.

ஆகவே கிராணிவீட்டுத் தம்பி, ஓர் ஆட்டத்தை வைத்துத் "தேறிவிட்டது" என்றும் எழுதாதீர்கள், "செத்துவிட்டது" என்றும் எழுதாதீர்கள்.

---

இரவுக்காவல் | 19 ஆகஸ்ட், காலை 8.00

அக்கா, 1992ஐ நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. அந்தப் பருவம் எப்படித் திரும்பியது? தாக்குதல் ஆட்டக்காரர் டயன் டப்ளின் செப்டம்பரிலேயே கால் முறிந்து படுத்தார். கோல் வராமல் தவித்தார்கள். நவம்பர் கடைசியில் லீட்ஸிலிருந்து காண்டோனாவை வாங்கிய பிறகுதான் வண்டி ஓடியது. அதாவது முதல் ஆட்டத்தில் தெரிந்த குறை உண்மையான குறை. பயிற்சியாளர் ஃபெர்குசன் அதைப் பார்த்தார், ஆள் தேடினார், பட்டம் வந்தது. "முதல் ஆட்டம்தானே" என்று தட்டிக்கழித்திருந்தால் வந்திருக்குமா?

எனக்குப் பயமெல்லாம் இதுதான். 22 உதை என்ற எண்ணைக் காட்டி எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

---

செம்பருத்தி | 19 ஆகஸ்ட், காலை 8.12

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் பதிவேட்டு மணி அடித்துவிட்டது. மாலையில் வருகிறேன்.

---

பழைய வலதுவிங் | 19 ஆகஸ்ட், மாலை 6.45

செம்பருத்தி வருவதற்குள் நம் நாட்டுக் கதை ஒன்று. இங்கிலாந்தை விட்டு ஒரு நிமிடம் வெளியே வாருங்கள்.

2010, தென்கிழக்காசிய சுசூகி கிண்ணம். டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் மலேசியாவின் முதல் ஆட்டம், இந்தோனேசியாவிடம் 1-5. முதல் கோலை அடித்ததே நாம்தான்; அதற்குப் பிறகு ஐந்து வாங்கினோம். மறுநாள் நாடு முழுக்கத் திட்டு. பயிற்சியாளர் கே. ராஜகோபாலை யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டத்தின் முதல் சுற்று. அதே இந்தோனேசியா. 3-0. சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மறு சுற்றில் ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2, கிண்ணம் நமக்கு. சாஃபி ஐந்து கோலோடு போட்டியின் முதன்மைக் கோல்காரர்.

இதில் நான் பார்ப்பது வேறு. 1-5 தோல்வியிலும் முன்வரிசை ஆட்டக்காரர்களின் ஓட்டம் இருந்தது. அதை யாரும் பேசவில்லை, ஐந்து வாங்கியதையே பேசினார்கள். பிறகு வியட்நாமோடு அரையிறுதியில் சாஃபி இரண்டு அடித்தபோது ஆகாயத்திலிருந்து குதித்ததுபோல் வியந்தார்கள். கோல் எண்ணிக்கை ஓர் அணியின் முகத்தை மறைத்துவிடும், தோற்றாலும் வென்றாலும்.

அப்போது நம் தெருவில் பட்டாசு வெடித்தது இன்னும் நினைவிருக்கிறது. இப்போது நம் பேராக் அணியே சூப்பர் லீக்கிலிருந்து விலகிவிட்டது. ஈப்போ திடலுக்குப் போக வேண்டிய சனிக்கிழமைகளில் மென்செஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு தனி இழை வேண்டும், இங்கே வேண்டாம்.

---

செம்பருத்தி | 19 ஆகஸ்ட், இரவு 8.30

இரவுக்காவல் அண்ணே, வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. ஃபெர்குசன் முதல் ஆட்டத்தைப் பார்த்து காண்டோனாவை வாங்கவில்லை. மூன்று மாதம் பார்த்தார். ஆகஸ்டில் ஒரு சந்தேகம், செப்டம்பரில் டப்ளின் விழுந்தார், அக்டோபரிலும் கோல் வரவில்லை, அப்புறம்தான் முடிவு. முதல் ஆட்டம் கேள்வியைக் கொடுக்கும். விடை கொடுக்காது. உங்கள் அணி கேள்வியை எழுதிவைத்துக்கொண்டதா என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

---

பீரங்கிப்படை | 19 ஆகஸ்ட், இரவு 9.15

அப்படியானால் எதைக் கவனிப்பது? அண்ணே, நீங்களே சொல்லுங்கள். உதை வேண்டாம், கோலும் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஃபுல்ஹாம் ஆட்டத்தில் எதைப் பார்த்துத் தாக்குதல் எப்படி என்று சொல்வீர்கள்? வெறுமனே "ஓட்டம் நன்றாக இருந்தது" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண் என்பது விருப்பப்பட்டதைப் பார்க்கும். நான் யுனைடெட்டில் குறைதான் பார்ப்பேன்.

---

பழைய வலதுவிங் | 19 ஆகஸ்ட், இரவு 10.00

நல்ல கேள்வி. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகளின் ஆட்டத்துக்கு. பாதித் திடலைப் பென்சிலால் வரைந்து, பெனால்டி எல்லையைக் கட்டம் போட்டு வைப்பேன். பக்கவாட்டிலிருந்து பந்து உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே எத்தனை பேர் என்று அத்தனை கோடு. ஒருவர் என்றால் ஒரு கோடு, மூவர் என்றால் மூன்று. கோடுகள் கூட்டமாக இருந்தால் அன்றைக்குத் தோற்றாலும் எனக்குக் கவலையில்லை. ஒற்றைக் கோடுகளாக நிறைந்திருந்தால் வென்றாலும் பிள்ளைகளை மறுநாள் ஓட விடுவேன்.

இன்னொன்று, எதிரணி நடுத்திடலுக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையே இருக்கும் இடத்தில் நம் ஆள் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினால் ஒரு வட்டம்.

ஃபுல்ஹாம் ஆட்டத்துக்கும் இதையே செய்கிறேன். முதல் ஆட்டத்துக்குச் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது: ஃபுல்ஹாம் 13ஆவது நிமிடத்தில் கோல் அடித்துவிட்டு உள்ளே ஒடுங்கும் என்று சொல்ல முடியாது. 0-0 ஆக இருக்கும்போது யுனைடெட் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பீரங்கிப்படையும் ஒரு நோட்டு வாங்கட்டும்.

---

கிராணிவீட்டுப் பையன் | 25 ஆகஸ்ட், காலை 11.00

நேற்றிரவும் அதே 11.30. ஃபுல்ஹாம் 1, யுனைடெட் 1.

தொடக்கத்திலேயே குன்யா அடித்தது கம்பத்தில் பட்டது. கடையில் ஒருவர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டார், கடைக்காரர் முறைத்தார். 38ஆவது நிமிடத்தில் பெனால்டி. நான் இங்கே விளக்கமாக எழுதினேனே, 0.8 என்று, புரூனோ அதைக் கம்பத்துக்கு மேலே கூட்டத்துக்குள் அனுப்பினார். இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து யோரோ தலையால் அடித்தது ஃபுல்ஹாமின் முனீஸ் மேல் பட்டு உள்ளே போனது. சொந்தக் கோல் என்று எழுதிவிட்டார்கள். 73ஆவது நிமிடத்தில் ஸ்மித் ரோ சமமாக்கினார், அவரும் ஒரு காலத்தில் ஆர்சனல்காரர்.

இரண்டு ஆட்டம் முடிந்தது. யுனைடெட் ஆட்டக்காரர் எவர் பெயரிலும் இன்னும் ஒரு லீக் கோல் இல்லை.

---

இரவுக்காவல் | 25 ஆகஸ்ட், பகல் 12.10

எங்கள் முன்னணிக் கோல்காரர்: முனீஸ், ஃபுல்ஹாம். சட்டை எங்கே கிடைக்கும்?

---

பீரங்கிப்படை | 25 ஆகஸ்ட், பகல் 12.40

அந்தக் கோலும் கார்னரிலிருந்துதான் வந்தது என்பதைக் கிராணிவீட்டுத் தம்பியின் கவனத்துக்குப் பணிவோடு கொண்டுவருகிறேன். இப்போதாவது அது தாக்குதல் கணக்கில் சேருமா?

நோட்டு வாங்கினேன் அண்ணே. அரைமணி நேரத்துக்குப் பிறகு எழுதும் பொறுமை போய்விட்டது.

---

பழைய வலதுவிங் | 25 ஆகஸ்ட், இரவு 9.30

அந்த அரைமணி நேரம் போதும். என் நோட்டிலும் முதல் பகுதியில்தான் வட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எம்புவேமோவும் குன்யாவும் இடைவெளியில் நின்று கோலைப் பார்த்து வாங்கினார்கள்; ஃபுல்ஹாம் தற்காப்பு அலைக்கழிந்தது. பெனால்டி தவறிய பிறகு வட்டங்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பக்கமே வெறுமையாகக் கிடக்கிறது. கோடுகள் மட்டும் ஆட்டம் முழுக்க ஒன்றுபோல்: பெரும்பாலும் ஒற்றை. மவுன்டை நடுவில் வைத்துத்தான் இந்த ஆட்டத்தையும் தொடங்கினார்கள். ஷெஷ்கோ மீண்டும் இரண்டாம் பாதியில்தான் வந்தார்.

ஆகவே, செம்பருத்தி சொன்ன அந்தக் கேள்வி இப்போது இரண்டாவது முறையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. ஆர்சனல் உள்ளே ஒடுங்கியதால்தான் இடமில்லை என்ற காரணம் இனிச் செல்லாது. ஃபுல்ஹாம் இடம் கொடுத்தது, அங்கே போய் நிற்க ஆளில்லை. ஷெஷ்கோவை முதல் நிமிடத்திலிருந்து இறக்க வேண்டும், அவர் இன்னும் பழகவில்லை என்றாலும் சரி. ஆடாமல் எப்படிப் பழகுவார்? புரூனோவைப் பத்து மீட்டராவது முன்னால் தள்ள வேண்டும்.

---

செம்பருத்தி | 25 ஆகஸ்ட், இரவு 9.50

அண்ணே சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் புரூனோ முன்னால் போனால் கஸமிரோவோடு ஓடுவதற்கு யார்? அந்த வயதில் அவரைத் தனியாக விட்டால் உங்கள் நடுத்திடல் லிந்தாங் சாலை மாதிரி திறந்துகிடக்கும்.

---

பழைய வலதுவிங் | 25 ஆகஸ்ட், இரவு 10.00

அதற்காகத்தானே நடுத்திடலுக்கு உகார்ட்டேயை வாங்கி வைத்திருக்கிறார்கள். வங்கியில் போட்டுவைக்கவா?

---

கிராணிவீட்டுப் பையன் | 25 ஆகஸ்ட், இரவு 10.25

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு பர்ன்லி, ஓல்டு டிராஃபோர்டில். மறுநாள் சுதந்திர தினம், யாருக்கும் பெரட்டு இல்லை, எல்லோரும் கடைக்கு வரலாம். அண்ணன் நோட்டையும் கொண்டுவர வேண்டும், பீரங்கிப்படை அண்ணன் வாங்கிய நோட்டையும்.

இடையில் வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு கிரிம்ஸ்பியோடு கிண்ண ஆட்டம் ஒன்று இருக்கிறது. நான்காம் அடுக்கு அணி. ஷெஷ்கோவை முதலிலிருந்தே இறக்கினால் அவருக்கும் ஒரு நம்பிக்கை வரும், நம் கோல் பஞ்சமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

---

இரவுக்காவல் | 25 ஆகஸ்ட், இரவு 10.31

எனக்கு அன்று இரவு வேலைதான், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நான்காம் அடுக்கு அணியிடம் என்ன ஆகிவிடப் போகிறது.